மூன்றாம் பீரியடில் எங்கே இருந்தான்?

போன வாரம் ஃபெலெட்டி தன் மகனைப் பார்த்துச் சொன்னது அந்த வீட்டில் இன்னும் யார் காதையும் விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு புகார் வந்தால் செமிசியை விமானம் ஏற்றிச் சொந்தத் தீவு நாடான டோங்காவுக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதுவும் தலைநகருக்கு இல்லை. ஹாபாய்த் தீவில் இருக்கும் பெரியப்பாவிடம். அந்த மனிதரின் பெயரைச் சொன்னால் போதும், ஆக்லாந்தில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்ட தட்டைத் தாங்களே கழுவி வைத்துவிடுவார்கள்.

வெறும் மிரட்டல் இல்லை அது. சண்டை போட்டதற்காக ஏற்கெனவே இரண்டு முறை செமிசியைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது முறை என்றால் நிர்வாகக் குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டும். அங்கே போய் நின்ற பையன்கள் திரும்பி வகுப்புக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அன்று ஆளுக்கொன்று பேசியபோது வாயைத் திறக்காமல் இருந்தவள் லெசியேலி. ஃபெலெட்டியின் ஒரே தங்கை, செமிசியின் அத்தை. டோங்காக் குடும்பத்தில் அப்பாவின் கூடப்பிறந்தவள் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. அண்ணன் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அவள் எதிரில் குரலை உயர்த்த மாட்டார். அவர் பெற்ற பிள்ளைகள்மேல் அவரைவிட அவளுக்குத்தான் பாத்தியதை அதிகம். கல்யாணமோ சாவோ, அவள் சொல்வதுதான் முடிவு. "வேண்டாம் அண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விமானப் பேச்சு அன்றே ஓய்ந்திருக்கும்.

அவள் சொல்லவில்லை. கணவன் இறந்ததும் மகள் லோசேயோடு அவளை டோங்காவிலிருந்து வரவழைத்து, வீடு பார்த்துக் கொடுத்து, பழைய கார் ஒன்றுக்கும் வழி பண்ணியவர் அண்ணன். அவர் மகன் விஷயத்தில் மூக்கை நுழைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு இந்த வாரம் ஒரு முடிவு வந்துவிட்டது.

*

லெசியேலி ஒரு ரிலீஃப் டீச்சர், லீவு போட்டவர்களுக்குப் பதிலாகப் போகிறவள்; அவள் காலைப்பொழுது அவள் கையில் இல்லை. யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் அவளுக்கு வேலை. ஜூலை மழையில் ஆக்லாந்து முழுக்க இருமிக்கொண்டிருந்தபடியால் லெசியேலிக்கு ஓய்வே இல்லை. அன்றும் விடிவதற்குள் போன் வந்துவிட்டது. ஆள் போடும் பொறுப்பில் இருந்த அம்மாள், ஐந்தாறு டீச்சர்கள் படுத்துவிட்டார்கள், உடனே வர முடியுமா என்று கேட்டாள். பள்ளியின் பெயரைக் கேட்டதும் லெசியேலி கொஞ்சம் தயங்கினாள். லோசேயும் செமிசியும் படிக்கிற பள்ளிக்கூடம் அது.

ஆனால் தயங்கிக்கொண்டிருக்கிற நிலைமையில் அவள் இல்லை. அங்கே துணைத் தலைமையாசிரியராக இருக்கும் ஹாலரன், அடுத்த டெர்மில் ஒரு நிரந்தர இடம் காலியாகிறது என்று போன தடவையே அவள் காதில் போட்டு வைத்திருந்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த லோசே கையை நிறுத்தினாள்.

"எங்க ஸ்கூலாம்மா? என் கிளாசுக்கு மட்டும் வந்துடாத."

"எனக்கென்ன ஆசையா? போன்னு சொல்ற இடத்துக்குப் போகப் போறேன். அப்படியே வந்தாலும் உன்னைத் தெரியாத மாதிரி இருந்துக்கறேன்."

"நீ அப்படி இருக்கறதுதான் இன்னும் அசிங்கமா இருக்கும்."

ரிலீஃப் டீச்சராக ஒரு பள்ளிக்குள் நுழைவது சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போவது போலத்தான். எல்லோரும் சிரிப்பார்கள், உட்கார இடம் மட்டும் யாரும் காட்ட மாட்டார்கள். டோங்காவில் லெசியேலி பேர்பெற்ற கணக்கு டீச்சர். இங்கே அன்று முதல் பீரியடில் அவளுக்குக் கிடைத்தது மரவேலை வகுப்பு. ஒரு ரம்பத்தையும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். இரண்டாவது பீரியட் ஜப்பானிய மொழி. அதில் அவளுக்கு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் அது வணக்கம்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

மூன்றாம் பீரியடுக்குப் பெரிய ஹாலுக்குப் போகச் சொன்னார்கள். சுகாதாரப் பாடம் எடுக்கும் இரண்டு டீச்சர்களும் ஒரே நாளில் படுத்துவிட்டதால், பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளைச் சேர்த்து அவள் தலையில் கட்டியிருந்தார்கள். ஒரு பிரிவில் லோசே. இன்னொன்றில் செமிசி. மற்ற நாட்களில் இந்தப் பாடத்துக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார வாய்ப்பே இல்லை.

பெயர்களை வாசித்து, வந்தவர்களுக்கு டிக் போட்டு, வருகைத் தாளை ஒரு பெண்ணிடம் கொடுத்து ஆபீசுக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் டீச்சர் விட்டுப் போயிருந்த குறிப்பைப் பிரித்தாள். பருவ வயதில் உடம்பும் மனசும் எப்படி மாறும் என்று ஒரு படம். அதைப் போட்டுக் காட்டிவிட்டு, ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாமன் மகன், அத்தை மகள் என்றால் நம்மவர்களுக்கு உடனே வேறு நினைப்பு வரும். டோங்காக்காரர்களுக்கு அவர்கள் கூடப்பிறந்த அண்ணன் தங்கைதான். டிவியில் ஒரு காதல் காட்சி வந்தால்கூட அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவான். தங்கை காதில் விழ அவன் கொச்சையாகப் பேச மாட்டான். தங்கையைப் பற்றி இன்னொருவன் பேசினால் கேட்டுக்கொண்டு நிற்கவும் மாட்டான். இதை ஹாலரனுக்கோ காய்ச்சலில் படுத்த டீச்சர்களுக்கோ சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அடுத்த நாள் மறந்துவிடுவார்கள்.

லோசே முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். செமிசி இன்னும் உட்காரவே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றுகொண்டு, ஆறடி உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான்.

லெசியேலி படத்தையே போடாமல் விட்டிருக்கலாம். கணக்குப் புதிர் நாலு கொடுத்து மணியடிக்கும்வரை ஓட்டியிருக்கலாம். பிற்பாடு ஆயிரம் வழி தோன்றியது. அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தீவுப் பொம்பளைக்குக் கொடுத்த பாடத்தை நடத்தக்கூடத் தெரியவில்லை என்று ஹாலரன் காதுக்குப் போனால் அடுத்த டெர்ம் என்ன ஆவது?

கதவருகே போய் அவனிடம் டோங்கா மொழியில் மெதுவாகச் சொன்னாள்.

"நீ லைப்ரரியில போய் உட்காரு. மணி அடிச்சதும் நேரா அடுத்த கிளாசுக்குப் போயிடு."

"சரி அத்தை."

வகுப்பு நேரத்தில் வெளியே போகும் பிள்ளை கழுத்தில் ஒரு மஞ்சள் அட்டையை மாட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அங்கே விதி. அட்டையைத் தேடினால் அறுபது பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள். ஏன், எதற்கு என்று கேட்பார்கள். அவள் தேடவில்லை. செமிசி வெளியே போனபோது அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து, நல்ல காரியம் செய்தோம் என்றுதான் நினைத்தாள்.

படம் ஓடி முடியும் நேரத்தில் எங்கேயோ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஜன்னல் பக்கம் ஓடப் பார்த்தார்கள். அவள் அதட்டி உட்கார வைத்தாள்.

*

மத்தியானம் ஆசிரியர் அறையில் அவள் உட்கார்ந்த நாற்காலி இன்னொருவருடையது என்று சொன்னார்கள். எழுந்து அடுத்ததற்குப் போனாள். அதற்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். கடைசியில் ஜன்னலோரமாக நின்றுகொண்டே டப்பாவைத் திறந்தபோதுதான் ஹாலரன் அவளைத் தேடி வந்தார். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் பாதி ஓட்டத்தில் இருப்பவர். அன்று அவர் முகம் வெளுத்திருந்தது.

ஜிம்முக்குப் பின்னால் ப்ரோடி என்கிற பையனை யாரோ அடித்துவிட்டார்கள் என்றார். பத்தாம் வகுப்புதான். கீழே விழுந்ததில் தலை சிமென்ட் படியில் மோதி, பேச்சு மூச்சில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். கூட இருந்த இரண்டு பையன்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களும் வகுப்புக்கு மட்டம் போட்டவர்கள். தூரத்தில் இருந்து பார்த்த சின்ன வகுப்புப் பையன்கள், ஒரு பெரிய தீவுப் பையன் ஓடினான் என்று மட்டும் சொல்கிறார்கள்.

பெரிய தீவுப் பையன். இந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் அந்த அடையாளத்துக்குப் பொருந்துவார்கள் என்று லெசியேலிக்குச் சுருக்கென்றது.

"என் மனசுல முதல்ல வந்த பேரு செமிசிதான். மறைக்க விரும்பல. ஆனா மூணாவது பீரியடுக்கு அவன் வந்திருக்கான்னு நீங்க டிக் போட்டு அனுப்பியிருக்கீங்க. அது சரிதானே?"

அவளுடைய குடும்பப் பெயர் செத்துப்போன கணவனுடையது. செமிசி அவளுக்கு என்ன உறவு என்று ஹாலரனுக்குத் தெரியாது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் பையன் தப்பித்தான். சொல்லாவிட்டால், முதலில் மஞ்சள் அட்டை எங்கே என்று கேட்பார்கள். அப்புறம் செமிசி எங்கே என்று கேட்பார்கள்.

"சரிதான். என் கிளாஸ்லதான் இருந்தான்."

வழுக்கிக்கொண்டு வந்தது அந்தப் பொய். பொய் என்றுகூட அவளுக்கு அப்போது படவில்லை. அனுப்பியவள் அவள். அத்தை போ என்று சொன்ன இடத்துக்கு அவன் போயிருப்பான். லைப்ரரியில் உட்கார்ந்திருந்த பிள்ளையை ஹாலில் உட்கார்ந்திருந்தான் என்று சொன்னதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஹாலரன் நீளமாக மூச்சு விட்டார். நல்ல வேளை, ஒருத்தரையாவது கழித்துவிட முடிந்தது என்றார். போகும்போது திரும்பி, அடுத்த டெர்ம் விஷயமாக ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். லெசியேலி சாப்பிடாமலே டப்பாவை மூடினாள்.

கடைசி மணி அடித்ததும் அவள் நேராக லைப்ரரிக்குப் போனாள். செமிசி எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் மனசு ஆறும். கதவு பூட்டியிருந்தது. லைப்ரரிக்காரருக்கும் காய்ச்சல். காலையிலிருந்தே திறக்கவில்லை என்று பெருக்கிக்கொண்டிருந்தவர் சொன்னார். இந்தப் பள்ளியில் தினமும் வேலை பார்க்கிற எந்த டீச்சருக்கும் அது காலைக் கூட்டத்திலேயே தெரிந்திருக்கும். ரிலீஃப் டீச்சர்களைக் காலைக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

அவள் லோசேயைத் தேடிக்கொண்டு கார் இருக்கும் பக்கம் நடந்தாள்.

*

வீட்டுக்குப் போகும் வழியில் லோசே போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். லெசியேலி செமிசியை வெளியே அனுப்பியது அவளுக்குத் தெரியும். ஹாலரனிடம் சொன்னதும் எப்படியோ தெரிந்திருக்கும் என்று லெசியேலி நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் எதுதான் நிற்கிறது?

"நான்தான் அனுப்பினேன். நான் அனுப்பின இடத்துல இருந்தா அது என் கிளாஸ்ல இருந்த மாதிரிதானே?"

லோசே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மழை வலுத்திருந்தது. லெசியேலி சொந்த வீட்டுக்குத் திரும்பாமல் அண்ணன் வீட்டுப் பக்கம் காரைத் திருப்பினாள்.

ஃபெலெட்டி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறவர். இரவு ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் குடும்பம் சாப்பிட உட்காருவது கராஜில்தான். அங்கே கார் நின்று பல காலம் ஆகிறது. தரையெல்லாம் பாய், சுவரோரம் பழைய சோபா. அண்ணி ஹெபா டாரோ என்கிற சேப்பங்கிழங்கை அவித்து, டின் மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலோடு டாரோ இலையில் பொதிந்து வேகவைத்திருந்தாள். லோசே வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

நாத்தனார் வந்தால் முதல் தட்டு அவளுக்கு. செமிசி இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக் குனிந்து அவள் முன்னால் வைத்தான். வலது கை முட்டிகள் நாலும் வீங்கித் தோல் உரிந்திருந்தன.

 அவன் கையை இழுத்துக்கொள்வதற்குள் லெசியேலி மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"லைப்ரரிக்குப் போனியா?"

"போனேன் அத்தை. பூட்டியிருந்துச்சு."

"அப்புறம்?"

"மழைக்கு ஒதுங்க ஜிம்முக்குப் பின்னாடி போனேன். அங்க ப்ரோடி இருந்தான். இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்க."

"நீதான் அடிச்சியா?"

அத்தை நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்ல அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வராது.

"ஒரே அடிதான் அத்தை. விழுவான்னு நினைக்கல."

ஹெபா வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபெலெட்டி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். தங்கை இடத்தில் வேறு யாராவது அங்கே இருந்திருந்தால் அவர் எழுந்து பையனை ஒரு வழி பண்ணியிருப்பார். தங்கை உட்கார்ந்திருக்கிறாள். அவர் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

ஏன் அடித்தாய் என்று லெசியேலி கேட்டாள். செமிசி சமையலறைக் கதவு பக்கம் பார்த்தான். அங்கே லோசே ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் தலை தொங்கிப்போயிற்று.

"சொல்ல முடியாது அத்தை."

"அத்தை கேட்கிறா. சொல்லு." ஃபெலெட்டியின் குரல் தரையோடு இருந்தது.

"முடியாதுப்பா."

அந்த வீட்டில் அத்தையிடம் ஒரு பிள்ளை முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதற்கு மேல் லெசியேலி அவனைக் கேட்கவில்லை. தான் செய்ததைச் சொன்னாள். படத்துக்காக அவனை வெளியே அனுப்பியது, அட்டை கொடுக்காதது, ஹாலரனிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அண்ணனின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதைப் பார்த்தாள். அந்தப் பொய்யில் மகன் தப்பிவிட்டான் என்று அவருக்குப் போன உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் அவள் போன் அடித்தது. ஹாலரன்.

அவர் நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். அவள் உறுதியாகச் சொன்னதால் செமிசியை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்க முடிந்தது என்றார். லேவி என்று இன்னொரு தீவுப் பையன், அந்த நேரத்தில் வகுப்பில் இல்லை. எங்கே இருந்தான் என்று கேட்டால் முன்னுக்குப் பின் முரணாக உளறுகிறான். அவனை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. காலையில் போலீசும் வந்து அவனை விசாரிக்கும். லெசியேலி சரி, சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

"லேவியோட அம்மா என்கூட லாண்டரியில வேலை செய்றா" என்றாள் ஹெபா.

 கைபடாத தட்டுகளில் தேங்காய்ப்பால் ஏடு கட்டிக்கொண்டிருந்தது.

"காலையில நான் ஹாலரன்கிட்டப் போறேன். செமிசியும் என்கூட வரான்."

"வேண்டாம்" என்றார் ஃபெலெட்டி.

தங்கை பிறந்ததிலிருந்து அவர் அவளிடம் சொன்ன முதல் மறுப்பு அது. சொன்னவருக்கே அது அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்க்காமல் பாயைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"லேவிக்கு இதுதான் முதல் தடவை. கொஞ்ச நாள் வீட்ல உட்காரவெச்சுட்டுத் திரும்ப எடுத்துப்பாங்க. இவனுக்கு அப்படி இல்ல. இதோட முடிஞ்சுது. உனக்கு வர இருந்த வேலையும் போகும். நீ சொன்னது சொன்னதாவே இருந்துட்டுப் போகட்டும் தங்கச்சி."

"அண்ணா..."

"ஹாபாய்க்கு அனுப்பறேன்னு வாய் கிழியச் சொன்னேன். தினம் ராத்திரி அந்த ஏர்போர்ட்லதான் நிக்கறேன். அங்க நின்னு இவனுக்குக் கையாட்ட என்னால முடியும்னு நினைக்கிறியா?"

 லெசியேலிக்கு எல்லாம் செய்த மனிதர் அவளிடம் முதல்முதலாக ஒன்று கேட்கிறார். கொடுத்துவிடலாம். காலையில் போனை எடுக்காமல் இருந்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த ஆசை அவளுக்குள் நிஜமாகவே எழுந்தது.

"லேவியோட அம்மாவும் இப்ப இப்படித்தான் ஒரு கராஜ்ல உட்கார்ந்திருப்பா அண்ணா. அவளுக்கு யார் இருக்கா?"

 பதில் சொன்னவன் செமிசி.

"நான் வரேன் அத்தை. அடிச்சது நான்தான்னு சொல்றேன். ஏன்னு மட்டும் கேட்காதீங்க."

நிர்வாகக் குழு முதலில் கேட்கப்போவதே அதைத்தான் என்று லெசியேலிக்குத் தெரியும். காரணம் சொல்கிற பையனுக்காவது பேச ஒருவர் இருப்பார். இரண்டு முறை அடித்து மாட்டியவன், மூன்றாவது முறையும் அடித்துவிட்டு, காரணமும் சொல்லாமல் நின்றால் அவனுக்காக யார் வாயைத் திறப்பார்கள்? அதைத்தான் அவனிடம் சொல்லப் போனாள்.

"ஏன்னு நான் சொல்றேன்."

லோசே கராஜுக்குள் வந்திருந்தாள். பாத்திரத்தை எங்கேயோ வைத்துவிட்டு வெறுங்கையோடு நின்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

செமிசி உடனே எழுந்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை, மேல்கோட்டை எடுக்கவில்லை, நேராக மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். ஃபெலெட்டி லோசேயைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். இது ஆண்கள் கேட்கக்கூடிய விஷயம் இல்லை என்று அவருக்கும் புரிந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு எழுந்து மகன் பின்னால் போனார். ஹெபா போய்க் கதவை இழுத்து மூடினாள்.

லெசியேலிக்குக் கோபம் தயாராக இருந்தது. அந்த ப்ரோடி தன் பெண்ணைப் பற்றி என்ன அசிங்கமெல்லாம் பேசியிருப்பான் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. அந்தக் கோபம் ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது. தங்கையைக் கேவலமாகப் பேசினவனை அண்ணன் அடித்தான் என்றால் ஹாலரன்கூடப் புரிந்துகொள்வார். செமிசிக்கு ஒரு வழி பிறக்கும்.

"என்ன சொன்னான் உன்னைப் பத்தி? பயப்படாம சொல்லு. அம்மா திட்ட மாட்டேன்."

"தப்பா ஒண்ணும் சொல்லலம்மா. நானும் அவனும் பழகறோம்னு ஃபிரெண்டுங்ககிட்டச் சொல்லிட்டிருந்தானாம். என்னை ரொம்பப் பிடிக்கும்னு சொன்னானாம். செமிசி பின்னால நிக்கறதைப் பார்க்கலியாம். கூட இருந்த பசங்க எனக்கு மெசேஜ் அனுப்பினாங்க."

"பொய்யா சொல்லியிருக்கான்?"

லோசே இல்லை என்று தலையை அசைத்தாள்.

"நிஜம்தாம்மா."

ஹெபா மெல்லச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.  அண்ணனும் தங்கையும் சேர்ந்து பார்க்கக்கூடாது என்று ஒரு படத்திலிருந்து லெசியேலி அந்தப் பையனைக் காப்பாற்றி வெளியே அனுப்பினாளே, அவள் அனுப்பியதால்தானே அவன் அங்கே போய் நின்றான்? அவன் காதில் விழக்கூடாதது எதுவோ அது அங்கேதான் விழுந்திருக்கிறது. காலையில் ஹாலரனிடம் போய் உண்மையைச் சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சொன்னாலும் செமிசிக்கு அது நியாயம் ஆகாது. பிடித்திருக்கிறது என்று சொன்ன பிள்ளையை அடித்துப் போட்டவனுக்கு எந்தக் குழுவில் யார் பரிந்து பேசுவார்கள்?

திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இல்லாவிட்டால் என்ன பேசியிருப்பாளோ தெரியாது.

லோசே அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அவன் கண் முழிச்சுட்டானா? மத்தியானத்துலேருந்து யார்கிட்டக் கேட்கறதுன்னே எனக்குத் தெரியல. உன்கிட்ட ஹாலரன் ஏதாவது சொன்னாராம்மா?"

  லெசியேலி ஹாலரனோடு மத்தியானம் பேசினாள். சற்று முன்பும் பேசினாள். அண்ணன் மகன் தப்புவானா, லேவி என்ன ஆவான், தன் வேலை என்ன ஆகும் என்று நாள் முழுக்கக் கவலைப்பட்டவள், அடிபட்டு விழுந்த பிள்ளை இப்போது எப்படி இருக்கிறான் என்று அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.